சந்தைக்கு வழி எது?

மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த முஹாஜிர்கள், சொத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி). நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவின் செல்வந்தர்களுள் ஒருவரான ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள். ஸஅத் தமது செல்வத்தில் பாதியைத் தருவதாக மனமுவந்து சொன்னார். அப்துர் ரஹ்மான் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "இந்த ஊரில் சந்தை எங்கே இருக்கிறது?"

பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். போனார். பாற்கட்டியும் நெய்யும் வாங்கி விற்றார். நாள்தோறும் போய் வந்தார். சிறிது காலத்தில் தாமே மஹர் கொடுத்துத் திருமணம் முடிக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

இந்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குத் தன்மானத்தின் பாடமாகச் சொல்கிறோம். அது சரிதான். ஆனால் இதில் இன்னொரு பாடமும் உண்டு. பாதிச் செல்வத்தைக் காட்டிலும் சந்தைக்குப் போகும் வழி பெரிது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? சந்தையில் நின்று பார்த்தால் எந்தப் பொருளுக்கு ஆள் இருக்கிறது, எது கிடைக்காமல் மக்கள் திரும்பிப் போகிறார்கள் என்று தம் கண்ணுக்குப் புலப்படும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. முதல் என்பது காசு மட்டுமல்ல, அந்தக் கண்ணும் ஒரு முதல்தான்.

இதே கேள்வியை 1990ஆம் ஆண்டு இன்னொரு கூட்டத்தார் கேட்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றினார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வழிச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் மாற்றுடையுமே மிஞ்சின. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். அங்கேயும் அடுப்பு எரிய வேண்டும். அங்கேயும் சந்தை எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

ஓர் ஊரின் சொந்த மக்கள் தொழில் வாய்ப்பை எப்படிக் கண்டுகொள்கிறார்கள்? அந்த ஊரே பறிபோனால் அந்தக் கண் என்ன ஆகிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டை விடத் தெளிவாக இதைக் கற்றுக்கொள்ள வேறு இடம் தேட வேண்டியதில்லை.

பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது

வியாபாரத்தில் முன்னேறியவரைப் பார்த்து, "அவருக்கு அதிர்ஷ்டம்" என்கிறோம். அல்லது "கையில் காசு இருந்தது" என்கிறோம். இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

இஸ்ரேல் கிர்ஸ்னர் என்ற பொருளியல் அறிஞர் 1973இல் வெளியிட்ட தமது நூலில், தொழில்முனைவோனின் தனிப்பண்பு விழிப்புதான் என்று எழுதினார். எல்லோர் கண்முன்னும் கிடப்பதை, எல்லோரும் கடந்து போவதை, ஒருவர் மட்டும் நின்று பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் எல்லோரும் ஏன் அதைப் பார்ப்பதில்லை? ஸ்கொட் ஷேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் இதற்கு விடை சொன்னார். அமெரிக்காவின் புகழ்பெற்ற மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முப்பரிமாண அச்சுமுறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதே கண்டுபிடிப்பைக் கொண்டு தொழில் தொடங்க எட்டுக் குழுவினர் முன்வந்தார்கள். ஒரு குழு அதில் மருந்து மாத்திரை செய்யும் வழியைக் கண்டது. மற்றொரு குழு செயற்கை எலும்பைக் கண்டது. இன்னொரு குழு உலோகம் வார்க்கும் அச்சைக் கண்டது. தங்கள் பழைய அனுபவத்தில் எது இருந்ததோ அதைத்தான் ஒவ்வொருவரும் கண்டார்கள். மற்றவர் கண்ட வழி அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இது நமக்குப் புதிதல்ல. ஒரு பனம்பழம் விழுந்து கிடக்கிறது. சிறுவனுக்கு அது சுட்டுத் தின்னும் பழம். அவனது தாய்க்கு அது பனங்காய்ப் பணியாரம். பாட்டிக்கு அது பாயில் பிழிந்து காயவைக்கும் பனாட்டு. தோட்டக்காரருக்கோ அதன் விதை, கிழங்குப் பாத்தியில் புதைக்க வேண்டிய வித்து. பழம் ஒன்றுதான், அதைப் பார்க்கும் அறிவு நான்கு.

ஆகவே வாய்ப்பு என்பது எங்கோ வெளியில் ஒளிந்து கிடக்கும் புதையல் அல்ல. நமக்கு ஏற்கெனவே தெரிந்ததும், நம்மைச் சுற்றியிருப்போருக்குக் குறைவாக இருப்பதும் சந்திக்கும் இடமே வாய்ப்பு.

ஆறில்லா ஊரில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறென்று சொல்லலாம். நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதில் இறங்கித் தேங்கி நிற்கிறது. கிணறு வெட்டி, துலாவில் ஏறி மிதித்து, பட்டையால் இறைத்த தண்ணீரிலேதான் அந்த ஊர்த் தோட்டங்கள் வாழ்ந்தன. பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன.

தண்ணீரை இப்படிப் பாடுபட்டு இறைக்கிறவன், விலை குறைந்த பயிரை வைத்தால் கட்டுப்படியாகுமா? சிறிய காணியில் கூடிய விலை தரும் பயிரையே அவன் தேடியாக வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல் கடந்து போனது. பிற்காலத்தில் அதே புகையிலை சுருட்டாகி, தென்னிலங்கைச் சிறுநகரங்களுக்கெல்லாம் சென்றது. யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகள் அந்த ஊர்களில் பெயர்பெற்றவை. புகையிலை உடலுக்குக் கேடு என்பது இன்று நமக்குத் தெரியும். அதை நாம் பரிந்துரைக்கவில்லை. ஒரு சந்தை குறையும்போது அதே பொருளுக்கு வேறு உருவமும் வேறு வாடிக்கையாளரும் தேடிய அந்தப் புத்தியைத்தான் இங்கே குறிப்பிடுகிறோம்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் பதவிக்கு வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கொழும்பில் இல்லத்தரசிகள் விலையேற்றத்தை எண்ணி வருந்தினார்கள். குடாநாட்டு விவசாயியோ அதே செய்தியில் தன் தோட்டத்தைப் பார்த்தான். மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் காசாகின. படித்த இளைஞர்கள் கூட மண்வெட்டியைத் தூக்கினார்கள். பலர் வன்னிக்கும் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள்.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கப்பலில் இறங்கின. விலை விழுந்தது. குடாநாட்டு விவசாயிகள் பெரிதும் அடிபட்டார்கள்.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. நம் கையின் திறமையால் பிறக்கும் வாய்ப்பு ஒரு வகை. பிறர் போட்ட வேலியால் பிறக்கும் வாய்ப்பு மற்றொரு வகை. வேலியை எடுத்த அன்றே இரண்டாம் வகை போய்விடும். ஒரு தொழிலில் நல்ல இலாபம் வரும் காலத்திலேயே, "இது எதனால் வருகிறது? நாளை அந்தக் காரணம் இல்லாது போனால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இல்லாமை கற்றுத் தந்தது

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின், எஞ்சியிருந்த மக்கள் இந்த நிலையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் அங்கே நடந்தவற்றைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. ஒரு சிறு கண்ணாடிப் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் சிறு திரியும். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் சிக்கனம். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. வானொலிச் செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் சில்லைச் சுற்ற, டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். சவர்க்காரம் கிடையாதபோது, பாட்டிமார் காலத்து வழக்கம் மீண்டும் வந்து பனம்பழத்தால் உடுப்புத் துவைத்தார்கள்.

இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெரிய படிப்புப் படித்த பொறியியலாளர்கள் அல்லர். சைக்கிள் திருத்துபவர், கார் மெக்கானிக், வீட்டுப் பெண். அவர்கள் எண்ணிய முறைதான் முக்கியம். "பெற்றோல் இல்லையே" என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. "பெற்றோல் என்ன வேலை செய்தது? அந்த வேலையை வேறு எது செய்யும்?" என்று கேட்டார்கள். பொருள் போனாலும் அதன் தேவை போவதில்லை. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு தொழில் பிறக்கிறது. சைக்கிள் திருத்தும் கடைகளுக்கு அந்நாளில் ஓய்வே இருக்கவில்லை.

2022இல் இலங்கை முழுவதும் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் இன்றித் தவித்தபோது, தெற்கிலும் சைக்கிள் வாங்க ஆட்கள் அலைந்தார்கள். விறகடுப்பு மீண்டும் மூண்டது. குடாநாட்டார் முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்த பாடத்தை நாடு முழுவதும் அன்று படித்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. தட்டுப்பாட்டில் இருவர் வாய்ப்பைக் காண்கிறார்கள். ஒருவர் இல்லாத பொருளுக்கு மாற்றுச் செய்து கொடுக்கிறார். மற்றவர் இருக்கும் பொருளைப் பதுக்கி வைத்து விலை ஏறக் காத்திருக்கிறார். இருவரும் கெட்டிக்காரர்களாகத் தோன்றலாம். ஆனால் மக்களின் உணவைப் பதுக்குவதை நமது மார்க்கம் பாவம் என்று தடுத்திருக்கிறது. உலக வழக்கிலும், கஷ்ட காலத்தில் பதுக்கியவன் கடையை ஊர் மறப்பதில்லை. நல்ல காலம் வந்ததும் அவன் படியை யாரும் மிதிப்பதில்லை.

பனையைப் பெண்கள் பார்த்த விதம்

குடாநாட்டில் எங்கும் நிற்பது பனை. எங்கும் நிற்பதாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் வீட்டுப் பெண்களின் கையில் அது எத்தனை பொருளாகிறது! கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்தால் மா, அந்த மாவில் கூழும் பிட்டும். பதநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஓலையை வார்ந்தால் பாய், பெட்டி, கடகம், சுளகு, பிட்டவிக்கும் நீத்துப்பெட்டி.

1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனம்பொருள் உற்பத்தியை ஒரு தொழிலாக வளர்ப்பது அதன் நோக்கம். ஆனால் பனம்பொருளுக்குப் புதிய மதிப்பைத் தந்தது எதிர்பாராத ஒன்று. 1983க்குப் பின் பெருந்தொகையான யாழ்ப்பாண மக்கள் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தார்கள். ஊரில் எவரும் திரும்பிப் பாராத ஒடியல் மா, ரொறொன்ரோவில் குளிரில் நடுங்கும் ஒரு தாய்க்குத் தன் தாய்வீட்டு அடுப்பின் நினைவாயிற்று. யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூளுக்கும் இதே கதைதான். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கும் சகோதரிக்கும் பொதி கட்டி அனுப்பிய பெண்கள், அந்தப் பொதிக்குப் பின்னால் ஒரு சந்தை இருப்பதைக் கண்டார்கள்.

நமக்கு மலிவாகத் தோன்றும் ஒன்று, அது கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு ஏக்கமாக இருக்கலாம். நம் உறவினர்கள் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் எதைத் திணித்துக்கொண்டு போகிறார்கள் என்று கவனித்ததுண்டா? அந்தப் பெட்டி ஒரு சந்தை அறிக்கை.

சோனகதெருவின் கொப்பி

இனி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடம் வருவோம். யாழ் நகரில் சோனகதெருவும் அதைச் சுற்றிய வட்டாரமும் அவர்களது வாழிடம். அந்தச் சமூகம் பல அறிஞர்களைத் தந்தது. கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் வண்ணார்பண்ணையில் பிறந்தவரே.

தொழில் என்று பார்த்தால், குடாநாட்டு முஸ்லிம்களிடம் பெரும் விவசாய நிலங்கள் கிடையா. சுற்றியிருந்த தமிழ்ச் சமூகம் பெரும்பாலும் தோட்டத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடியது. இடையில் கிடந்த இடைவெளிகளை முஸ்லிம்கள் கண்டுகொண்டார்கள். தையற்கடை, புடவைக்கடை, இரும்புப் பொருட்கள், பழைய இரும்பு வியாபாரம், இறைச்சிக்கடை, லொறிப் போக்குவரத்து என்று அவர்களது தொழில்கள் அமைந்தன.

ஒரு தையற்காரரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஒரு வருடத்தில் எத்தனை பெருநாள்! நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அவருடையவை. தைப்பொங்கலும் தீபாவளியும் நல்லூர்த் திருவிழாவும் நத்தாரும் அவரது வாடிக்கையாளர்களுடையவை. பள்ளிக்கூடம் தொடங்கும் மாதம் எது, எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, யாருக்கு அளவு மாறியிருக்கிறது என்றெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்து மக்களின் வாழ்க்கையைத் தெரிந்து வைத்திருப்பதே அவரது தொழில் அறிவு. பழைய இரும்பு எடுப்பவருக்கும் அப்படித்தான். எந்த வீட்டுக் கொல்லையில் என்ன துருப்பிடித்துக் கிடக்கிறது, எந்தக் கொல்லனுக்கு அது தேவை என்று இரண்டு பக்கமும் தெரிந்தவருக்குத்தான் அது காசு.

இப்படிப்பட்ட கடைகளில் ஒரு கடன் கொப்பி இருக்கும். யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். கோர்ட்டில் செல்லுபடியாகும் பத்திரம் அது அல்ல. ஆனால் அதில் இருந்தது நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கை.

1990இல் பறிபோனவை எவை? வீடு, கடை, நகை, வாகனம் என்று கணக்கெடுக்கலாம். வடபுல முஸ்லிம்களின் இழப்புகளைப் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் உழைத்து ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் எந்தக் கணக்கிலும் வராத ஓர் இழப்பு அந்தக் கொப்பி. அதாவது, யாருக்கு என்ன தேவை என்ற அறிவும், சொன்ன சொல்லுக்கு மதிப்புத் தரும் மனிதர்களும். வாய்ப்பைக் காணும் கண் பாதி மனிதனிடமும் பாதி ஊரிடமும் இருக்கிறது. ஊரைப் பிடுங்கினால் கண்ணில் பாதி போய்விடுகிறது.

உப்பு மணலில் புதிய தொடக்கம்

புத்தளத்தில் வந்து சேர்ந்தவர்களுக்கு அங்குள்ள மக்கள் முதல் நாளிலிருந்து சோறு கொடுத்து உதவினார்கள். அதை எவரும் மறப்பதற்கில்லை. ஆனால் வேலை குறைந்த ஒரு மாவட்டத்தில் பல்லாயிரம் பேர் வந்து சேர்ந்தால் போட்டி வரத்தானே செய்யும்? கூலி குறைந்தது. மனக்கசப்புகளும் எழுந்தன.

கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில், வடக்கில் வெளியே வேலைக்குப் போயறியாத பெண்கள் பலர் நாட்கூலிக்குப் போனார்கள். வேறு சிலர் வீட்டிலிருந்தபடி இடியப்பமும் அப்பமும் செய்து விற்றார்கள், உடுப்புத் தைத்தார்கள். கை அறிந்த தொழிலை எந்த ஆயுதமும் பறிக்க முடியவில்லை. அது பயணம் செய்து கூடவே வந்தது. ஆனால் யாருக்குத் தைப்பது, யார் கடன் கொடுப்பார், யார் வார்த்தையை நம்பலாம் என்பதை மட்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அதற்கு ஆண்டுகள் சென்றன. தில்லையடி போன்ற இடங்களில் கொட்டில்கள் மெல்ல மெல்லக் கல்வீடுகளாயின.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்ததும் சில வியாபாரிகள் யாழ்ப்பாணம் போய்க் கடை திறந்தார்கள். 2006இல் வீதி மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின் மீண்டும் திரும்பினார்கள். ஆனால் திரும்பியவர்கள் கண்ட யாழ்ப்பாணம் 1990இன் யாழ்ப்பாணம் அல்ல. தெற்கிலிருந்து ஆயத்த ஆடைகள் லொறி லொறியாக வந்தன. 2013இல் கார்கில்ஸ் நிறுவனம் நகரின் நடுவே பெரிய வணிக வளாகம் திறந்தது. அன்று அளவெடுத்துத் தைத்த வாடிக்கையாளரின் மகன் இன்று தொங்கும் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்க்கிறான். முன்பு கடை இருந்த இடத்தில் வேறொருவர் கடை நடத்துகிறார். முஸ்லிம் பிள்ளைகளும் ஒரு தலைமுறை முழுவதும் புத்தளத்தில் வளர்ந்துவிட்டார்கள்.

"வாப்பா செய்த தொழிலையே நானும் அங்கே போய்ச் செய்வேன்" என்று போகிறவருக்கு அந்தத் தெரு கண்ணீரைத்தான் தரும். "இப்போது இந்த ஊருக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டு போகிறவருக்கு அதே தெரு வேறொன்றைச் சொல்லக்கூடும். ஆயத்த ஆடை எல்லோருக்கும் அளவாக இருப்பதில்லை. அதைச் சுருக்கவும் நீட்டவும் ஆள் வேண்டும். பழைய இரும்பு இன்றும் உண்டு. அதனோடு பிளாஸ்ரிக்கும் மின்சாதனக் கழிவும் மலையாகக் குவிகின்றன. பழையதைப் பிரித்து விலைபேசும் கை யாருடையது? வாப்பாவின் கடை போயிருக்கலாம், வாப்பாவின் அறிவுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கடனுக்கு முன் நான்கு கேள்விகள்

போருக்குப் பின் வடக்கில் சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்கள் வீடு வீடாக வந்தன. பெண்களுக்குச் "சுயதொழில்" என்ற பெயரில் வட்டிக்குக் கடன் கிடைத்தது. ஒரே தெருவில் பலருக்கு ஒரே யோசனை: கோழி வளர்ப்பு, தையல் மெஷின், சிறு பெட்டிக்கடை. எல்லோரும் விற்றால் வாங்குபவர் யார்? வாரத் தவணைக்காக இன்னொரு கடன், அதற்காக மற்றொரு கடன் என்று பல குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. நிலைமை முற்றி, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறுகடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பெண்களுக்கு உழைப்பு குறைவா? இல்லை. யோசனை அவர்களுடையதாக இருக்கவில்லை. கடன் கொடுப்பவர் காட்டிய வாய்ப்பை எடுத்தார்கள். தாங்களே பார்த்துக் கண்ட வாய்ப்பு அது அல்ல. இதனால்தான், ஒரு சதம் கடன் வாங்கும் முன் நம் சகோதரிகள் நான்கு கேள்விகளைத் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: என்னைச் சுற்றியுள்ள பத்து வீடுகளில் எதைப் பற்றி அடிக்கடி முறைப்பாடு கேட்கிறேன்? எதை வாங்கத் தூரம் போகிறார்கள்? வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரிசிமா இடித்து வறுக்க நேரமில்லை. முதியவருக்கு மருந்து வாங்கி வர ஆள் இல்லை. முறைப்பாடு கேட்கும் இடத்தில் தொழில் இருக்கிறது.

இரண்டாவது: யாரும் கற்றுத் தராமலே என் கைக்கு வருவது எது? வட்டிலப்பமா, மருதாணியா, சிறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதா, கணக்குப் பார்ப்பதா? ஊரார் "உங்கள் கைக்குத்தான் அது வரும்" என்று எதைச் சொல்கிறார்களோ அதுவே முதல்.

மூன்றாவது: என் சொல்லை நம்பி முதலில் வாங்கப் போகும் ஐந்து பேர் யார்? ஐந்து பெயர் எழுத முடியாவிட்டால் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

நான்காவது: இது தோற்றால் நான் இழப்பது எவ்வளவு? அந்த இழப்பை என் வீடு தாங்குமா? அமெரிக்காவில் பேராசிரியையாக இருக்கும் சாரஸ் சரஸ்வதி என்பவர், தேர்ந்த தொழில்முனைவோர் 27 பேரை ஆராய்ந்தார். அவர்கள் எவ்வளவு இலாபம் வரும் என்ற கணக்கோடு தொடங்கவில்லை. தாங்கள் யார், என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று பார்த்து, இழந்தால் தாங்கக்கூடிய அளவோடு தொடங்கினார்கள் என்று கண்டார். நம் வீட்டுப் பெண்கள் சீட்டுக்காசில் மாவும் சீனியும் வாங்கித் தொடங்கும் முறை அதுவேதான். அதை எவரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவளுக்கு வெளியுலகம் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். நபி (ஸல்) அவர்களின் துணைவியார் கதீஜா (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வணிகக் கூட்டம் அனுப்பியவர்கள். தாம் நேரில் போகாவிட்டாலும், எதை அனுப்புவது, யாரை நம்புவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் எது எப்போது தீர்கிறது, எதற்குப் பிள்ளை அழுகிறது, எதற்கு மாமியார் ஆசைப்படுகிறார் என்றெல்லாம் நன்கு தெரிந்தவள் வீட்டுப் பெண். சந்தை என்பது பல வீடுகள் சேர்ந்ததே.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் தொடங்கிய பொருளைப் பாருங்கள். பாற்கட்டியும் நெய்யும். ஒவ்வொரு வீட்டிலும் நாளாந்தம் தேவைப்படும் பொருள், சிறு தொகைக்கு வாங்கக்கூடிய பொருள். அவர் அந்நிய ஊருக்கு வந்தவர். அங்கே ஒருவர் அவருக்குச் சந்தைக்கு வழி காட்டினார்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கும், திரும்பாமல் புத்தளத்தையே ஊராக்கிக் கொண்டவர்களுக்கும், இன்று நம் அயலில் புதிதாகக் குடிவந்திருக்கும் எவருக்கும் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். இலவசப் பொதி ஒரு நாளைக்கு உதவும். "எங்கள் ஊரில் இது கிடைப்பதில்லை, நீங்கள் செய்தால் முதல் ஆளாக நான் வாங்குகிறேன்" என்ற ஒரு வார்த்தை, பறிபோன கண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால், ஒரு தட்டுப் பலகாரத்தோடு அந்த வார்த்தையையும் கொண்டுபோவோம்.